திட்டப்பணிகளில் இடர்களைக் கையாளும் முறை: கொங்கண் ரெயில் பாதையின் அனுபவம்

மத்திய அரசின் பெரிய திட்டப்பணிகளின் முன்னேற்றத்தைப் பற்றி அவ்வப்போது அறிக்கைகள் வெளியிடப்பட்டு வருகின்றன. அவற்றில் தாமதத்துக்குக் கூறப்படும் காரணங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுவதில்லை. நிலம் கையகப்படுத்துவதில் சிக்கல், வனத்துறை அனுமதி கிடைக்கவில்லை, பூமிக்கடியில் எதிர்பாராத மண், ஒப்பந்தக்காரரின் ஆற்றல் குறைவு, நிதி உரிய காலத்தில் வந்து சேரவில்லை என்பன அவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் எதுவும் உண்மையில் எதிர்பாராதது அன்று. முந்தைய நூறு பணிகளில் நேர்ந்தது நூற்றோராவது பணியிலும் நேரக்கூடும் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, ஒரு தொகையையும் ஒதுக்கியிருந்தால், அறிக்கையில் அக்காரணம் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

இடர் என்பதும் இடையூறு என்பதும் ஒன்றல்ல. இடையூறு நேர்ந்துவிட்ட ஒன்று. இடர் நேரக்கூடிய ஒன்று. நேர்ந்துவிட்டதைச் சமாளிப்பதில் நம் நாட்டுப் பொறியாளர்களும் நிர்வாகிகளும் வல்லவர்கள். புயலில் சிதைந்த பாலத்தை நாற்பத்தாறு நாளில் செப்பனிட்ட வரலாறு பாம்பனில் உண்டு. 1964 டிசம்பரில் நேர்ந்த அப்பேரழிவுக்குப் பின் அப்பணிக்குப் பொறுப்பேற்றவர் இளம் பொறியாளராயிருந்த இ. ஸ்ரீதரன். ஆனால் நேரக்கூடியதைக் கணிக்கும் வேலை இவ்வளவு புகழ் தருவதில்லை. அதில் வெற்றி பெற்றால் ஒன்றும் நடப்பதில்லை; ஒன்றும் நடக்காததற்கு யாரும் பாராட்டுவதில்லை. இவ்வேலை புறக்கணிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஒரு தாளில் அடங்கும் பதிவேடு

இம்முறையைப் பெரிய திட்டங்களில் காண்பதற்கு முன் சிறியதொரு பணியில் பார்ப்பது நல்லது. ஒரு வட்டத்தில் சிற்றாறு ஒன்றின் குறுக்கே பாலம் கட்டப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக் காலம் பதினான்கு மாதம்; வேலை ஜனவரியில் தொடங்குகிறது. மழைக்காலத்துக்கு முன் அடித்தளங்கள் ஆற்று மட்டத்துக்கு மேல் எழும்பிவிட வேண்டும். எழும்பாவிட்டால் தோண்டிய குழிகளில் வெள்ளம் புகுந்து மண் மூடும். சாரமும் பலகைகளும் அடித்துச் செல்லப்படும். இதனால் நேரும் இழப்பு எட்டு இலட்சம் ரூபாய் என்றும், நேர்வதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று என்றும் கொண்டால், இவ்விடரின் மதிப்பு இரண்டு இலட்சம் ரூபாய் ஆகும். கூடுதலாக ஒரு நீரிறைப்பு எந்திரம் வைத்து இரவிலும் வேலை நடத்த எழுபதாயிரம் ரூபாய் செலவாகும் என்றால், அச்செலவு வீண் அன்று. இக்கணக்கை ஒரு மாணவனும் போட்டுவிடுவான். எனினும் மதிப்பீடு தயாரிக்கும் நாளில் எவரும் இதைப் போடுவதில்லை. போடாததனால் அந்த எழுபதாயிரத்தை மே மாதத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் கோப்பு அலுவலகத்துக்கு அலுவலகம் நகர்கிறது. அதற்குள் மழை வந்துவிடுகிறது.

இக்கணக்கின் வரம்பையும் உணர வேண்டும். ஒரு பருவம் வீணானால் அக்கரையில் உள்ள மக்கள் இன்னுமோர் ஆண்டு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சுற்றிச் செல்வார்கள். அது எட்டு இலட்சத்தில் சேரவில்லை. உயிரிழப்பு நேரக்கூடிய இடங்களிலோ இவ்விதப் பெருக்கல் கணக்குக்கே இடமில்லை. ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்பதனால் தொழிலாளியின் தலைக்கு மேல் தளர்ந்த மண்ணை விட்டுவைக்க முடியாது. பணத்தால் ஈடு செய்யக்கூடிய இடர்களையும் ஈடு செய்ய இயலாத இடர்களையும் முதலிலேயே பிரித்துவிடுவது தேவை.

பதிவேடு ஒரு தாளில் அடங்கலாம். என்ன நேரக்கூடும், அது வரப்போகிறது என்பதைக் காட்டும் முதல் அறிகுறி எது, அதைக் கவனிக்க வேண்டியவர் யார், அறிகுறி தோன்றினால் செய்ய வேண்டியது என்ன, எந்தத் தேதிக்குள் முடிவெடுக்க வேண்டும் என்னும் ஐந்தும் போதும். இவற்றுள் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அறிகுறி பற்றியது. "மழைக்கு முன் அடித்தளம் முடியாமற் போகலாம்" என்று எழுதுவதால் பயன் சிறிது. "மார்ச்சு முடிவில் மூன்று தூண்களின் அடித்தளமேனும் முடியாவிட்டால் இரவு வேலை தொடங்க வேண்டும், இதற்கு உதவிச் செயற்பொறியாளரே ஆணையிடலாம்" என்று எழுதினால் அது ஏற்பாடு ஆகும். பொறுப்பாளர் என்னும் இடத்தில் "துறை" என்றோ "ஒப்பந்தக்காரர்" என்றோ எழுதுவது எவர்மீதும் பொறுப்பைச் சுமத்தாமல் தட்டிக்கழிப்பதற்குச் சமம். ஒரு பதவியின் பெயர் அங்கே இருக்க வேண்டும்; அப்பதவியில் இருப்பவருக்குச் செலவு செய்யும் அதிகாரமும் இருக்க வேண்டும்.

பதிவேட்டை நிரப்புவதற்கு முன் யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். தலைமையிடத்தில் இருப்போருக்குத் தெரிந்த இடர்கள் பெரும்பாலும் நிதி, அனுமதி ஆகியவை பற்றியனவே. முந்தைய பெருவெள்ளம் எந்த மரத்தின் எந்தக் கிளை வரை ஏறியது என்பதைக் கரையில் உழும் விவசாயி சொல்வார். எந்தக் கல்குவாரியின் கல் சோதனையில் தேறாது என்பதைப் பணிமேற்பார்வையாளர் அறிவார். இவர்களிடமிருந்து செய்தி மேலே வருமா என்பது மேலிருப்போரின் நடத்தையைப் பொறுத்தது. தாமதம் நேரும் என்று முதன்முதல் எழுதிய இளநிலைப் பொறியாளருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனால், அடுத்த மாதம் முதல் எந்த இடரும் பட்டியலில் தோன்றாது. மூன்று மாதமாக ஒரு வரியும் மாறாத பதிவேடு வேலை செவ்வனே நடப்பதற்குச் சான்று அன்று. அதை யாரும் படிக்கவில்லை என்பதற்கே சான்று.

கொங்கணத்தின் சூழ்நிலை

இம்முறையின் ஆற்றலையும் வரம்பையும் ஒருங்கே காட்டும் பணி கொங்கண் ரெயில் பாதை. மகாராஷ்டிரத்தின் ரோஹாவிலிருந்து கர்நாடகத்தில் மங்களூருக்கு அருகிலுள்ள தோக்கூர் வரை ஏறத்தாழ 740 கி.மீ. நீளமுள்ள இப்பாதை, சஹ்யாத்ரி மலைத் தொடருக்கும் அரபிக் கடலுக்கும் இடையே செல்கிறது. மலையிலிருந்து கடலுக்கு ஓடும் எண்ணற்ற ஆறுகளையும் அவற்றுக்கிடையே கடலை நோக்கி நீளும் குன்றுகளையும் இது குறுக்காகவே கடக்க வேண்டியிருந்தது. ஆகையால் பாலம், மண்கரை, வெட்டு, சுரங்கம் என்று இவையே மாறி மாறி வருகின்றன. சிறியவும் பெரியவுமாக ஏறத்தாழ இரண்டாயிரம் பாலங்களும், மொத்தம் 80 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகளும் இதில் உள்ளன. ரத்னகிரிக்கு அருகிலுள்ள கர்புடே சுரங்கம் மட்டும் ஆறரை கி.மீ. நீளமுடையது. இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பெரும் பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

முதல் இடர் நிதி. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் கிடைக்கும் ஒதுக்கீட்டைக்கொண்டு பெரிய பாதை ஒன்றைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தா நிலத்தடி ரெயில் கண்கூடான உதாரணமாயிருந்தது. 1972 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட அப்பணியில் முதல் 3.4 கி.மீ. திறக்கப்பட்டது 1984 அக்டோபரில். டம் டம் முதல் டாலிகஞ்ச் வரை ஏறத்தாழ 16 கி.மீ. முழுவதும் நிறைவேற 1995 ஆயிற்று. நிதிப் பற்றாக்குறை, தெருவுக்கடியில் இருந்த குழாய்களையும் கம்பிகளையும் இடம் மாற்றுதல், நீதிமன்றத் தடைகள் ஆகியவை அத்தாமதத்துக்குக் காரணங்களாயின.

இந்நிலை கொங்கணத்தில் நேரக் கூடாது என்று கருதியே 1990இல் ரெயில்வே அமைச்சராயிருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ், நிதி அமைச்சராயிருந்த மது தண்டவதே ஆகியோரின் காலத்தில் தனிக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் பங்குகளில் 51 சதவீதம் ரெயில்வே அமைச்சகத்துக்கும், 22 சதவீதம் மகாராஷ்டிரத்துக்கும், 15 சதவீதம் கர்நாடகத்துக்கும், கோவாவுக்கும் கேரளத்துக்கும் ஆறு ஆறு சதவீதமும் அப்போது உரியவையாயிருந்தன. எஞ்சிய தேவைக்குக் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. மாநிலங்களைப் பங்குதாரர்களாக்கியது வெறும் நிதி ஏற்பாடு அன்று. நிலம், குவாரி, மின்சாரம் ஆகியவற்றில் தாமதம் நேர்ந்தால் அதன் இழப்பில் மாநிலத்துக்கும் பங்குண்டு என்னும் நிலை உருவாயிற்று. இடரைத் தடுக்கும் ஆற்றல் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அதன் சுமையில் ஒரு பகுதியை வைப்பது என்னும் விதிக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஆயினும் ஓர் இடரை நீக்கும் ஏற்பாடு இன்னோர் இடரைக் கொண்டுவரும் என்பதும் இங்கே தெளிவாயிற்று. பணம் தடைப்படும் இடர் நீங்கியது; வட்டி வளரும் இடர் வந்தது. செலவு 3,500 கோடி ரூபாயை எட்டியபோது அதில் கணிசமான பகுதி கடன் திரட்டியதற்கான செலவாக இருந்தது. பாதை திறந்த பின் சரக்குப் போக்குவரத்து எதிர்பார்த்த அளவு வரவில்லை. கழகம் பல ஆண்டுகள் நஷ்டத்தைச் சுமந்தது. லாரிகளையே ரெயில் வண்டியில் ஏற்றிச் செல்லும் சேவை 1999 ஜனவரியில் தொடங்கப்பட்டது இக்குறையை ஓரளவு ஈடு செய்யும் முயற்சியே. கட்டுமானத்தின் இடர்களை நுணுகி ஆராய்வோர் வருவாய் மதிப்பீட்டை அதே கண்ணுடன் பார்ப்பதில்லை. திட்ட அறிக்கையில் போக்குவரத்து எவ்வளவு வரும் என்று எழுதப்பட்ட எண்ணும் ஓர் ஊகமே. அது பாதியாகக் குறைந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் பதிவேட்டில் இடம்பெறத் தக்கது.

நிலமும் மக்களும்

கழகத்தின் முதல் தலைவராக ஸ்ரீதரன் பொறுப்பேற்றார். பாதை ஏழு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு தலைமைப் பொறியாளரின் கீழ் வைக்கப்பட்டது. அவர்களுக்கு அதிகாரம் தாராளமாக வழங்கப்பட்டது. எஞ்சியிருக்கும் நாட்களைக் காட்டும் தலைகீழ்க் கடிகாரம் அலுவலகங்களில் வைக்கப்பட்டது பின்னர் பலரும் பேசும் செய்தியாயிற்று. கடிகாரத்தைப் பார்த்துப் பின்பற்றியவர்கள் பலர். அதற்குப் பின்னாலிருந்த அதிகாரப் பகிர்வைப் பின்பற்றியவர்கள் குறைவு. தலைமையிடத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய பொறியாளருக்குக் கடிகாரம் பதற்றத்தை மட்டுமே தரும்.

நிலம் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்களிடமிருந்து பெற வேண்டியிருந்தது. அதிகாரிகளும் பொறியாளர்களும் ஊர் ஊராகச் சென்று உரிமையாளர்களுடன் நேரில் பேசியதால் பெரும்பகுதி நிலம் ஓராண்டளவில் கைக்கு வந்தது. நிலம் எடுப்பதை வருவாய்த் துறையின் கடிதப் போக்குவரத்தாக விடாமல் திட்டப்பணியின் முதல் வேலையாகவே கருதியதன் பயன் இது.

கோவாவில் நேர்ந்தது வேறு. கடலோரமாக வகுக்கப்பட்ட வழி, கரையிட்டு மதகு வைத்து உப்புநீரைத் தடுத்துப் பயிர் செய்யும் கசான் எனப்படும் தாழ்நிலங்களையும், பழைய கோவாவின் நினைவுச் சின்னங்கள் உள்ள சூழலையும் பாதிக்கும் என்று மக்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். உட்பகுதி வழியாகப் பாதை செல்ல வேண்டும் என்றனர். பம்பாய் உயர் நீதிமன்றம் 1992இல் வழக்கைத் தள்ளுபடி செய்த பின்னரும் கிளர்ச்சி ஓயவில்லை. 1993இல் அப்பகுதியில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டு, நீதிபதி ஓசா தலைமையில் விசாரணை நடத்தப்பட்டது. இறுதியில் வழி பெரும்பாலும் முன்னிருந்தவாறே ஏற்கப்பட்டது. ஆனால் பல மாதங்கள் கழிந்துவிட்டன. நீதிமன்றத்தில் வெற்றி பெறுவதும் இடர் நீங்குவதும் ஒன்றல்ல. கசான் நிலத்தின் மதகுகள் எப்படி இயங்குகின்றன என்று அந்நிலத்தின் விவசாயிகளிடம் வழி வகுக்கும் கட்டத்திலேயே கேட்டிருந்தால், எதிர்ப்பின் ஒரு பகுதியேனும் யோசனையாக மாறியிருக்கும் என்று கருத இடமுண்டு.

தவிர்க்கக்கூடியதும் தவிர்க்க முடியாததும்

ரத்னகிரிக்கு அருகே பன்வல் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடக்கும் பாலம் 424 மீட்டர் நீளமும் 64 மீட்டர் உயரமும் உடையது. அவ்வளவு உயரத்துக்குத் தரையிலிருந்து சாரம் கட்டி மேல்தளத்தை அமைப்பது பெரும் ஆபத்து. ஆகவே மேல்தளம் பள்ளத்தாக்கின் ஒரு கரையில் தரையிலேயே துண்டு துண்டாக வார்க்கப்பட்டு, தூண்களின் மீது சிறிது சிறிதாக முன்னோக்கித் தள்ளப்பட்டது. இம்முறை இந்தியாவில் கையாளப்பட்டது அதுவே முதல் தடவை. புதிய முறை என்பதே ஓர் இடர்தான். ஆனால் 64 மீட்டர் உயரத்தில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடரைக் குறைத்துத் தரையில் சரிபார்க்கத்தக்க இடரை ஏற்பது அறிவுடைய மாற்றமாகும்.

கடினப் பாறையில் சுரங்கம் அமைக்க நீரழுத்தத்தால் இயங்கும் துளையிடும் எந்திரங்கள் சுவீடனிலிருந்து வரவழைக்கப்பட்டன. பாறை கடினமாயிருந்தது, எனினும் அது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருந்தது. வெடி வைத்து உடைத்த பின் கூரை சில மணி நேரமேனும் தானே நிற்கும். அதற்குள் தாங்கல் கொடுத்துவிடலாம். வேலையை உண்மையில் முடக்கியது கடினப் பாறை அன்று, மென்மையான மண்ணே.

ஒன்பது சுரங்கங்கள் அத்தகைய மண்ணின் ஊடே செல்ல வேண்டியிருந்தன. மேலே செம்பூராங்கல், அதன் அடியில் நீர் ஊறிய களிமண். தோண்டினால் களி கூழ்போல வழிந்து உள்ளே வரும். கூரை நிற்பதற்கு நேரமே தராது. எந்திரம் அங்கே பயன்படவில்லை. சிறு சிறு பகுதியாகக் கையால் அகழ்ந்து, உடனுக்குடன் தாங்கல் வைத்து, அங்குலம் அங்குலமாக முன்னேற வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது முடிந்த வேலையும் சரிந்தது. இந்த ஒன்பது சுரங்கங்களில் மட்டும் 19 பேர் உயிரிழந்தனர். பாதை முழுவதும் கட்டி முடிப்பதற்குள் உயிரிழந்தோர் 74 பேர். ஐந்தாண்டில் முடிக்க எண்ணிய பணி ஏழாண்டுக்கும் மேலாக நீண்டதற்கு இம்மண் முக்கியமான காரணம்.

இதிலிருந்து முன்னாய்வு பற்றிய பாடம் கிடைக்கிறது. சுரங்கம் செல்லும் வழியில் எத்தனை இடங்களில் துளையிட்டு மண் எடுத்துப் பார்ப்பது என்பது செலவைப் பொறுத்த முடிவு. மதிப்பீட்டைச் சுருக்க வேண்டிய நிலை வரும்போது முதலில் கை வைக்கப்படும் தலைப்புகளுள் முன்னாய்வும் ஒன்று. ஏனெனில் அதன் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள மண்ணைப் பற்றி எந்தப் பொறியாளரும் உறுதி கூற முடியாது. எனவே துளைகளைக் கூட்டுவதோடு, தெரியாத பகுதி எவ்வளவு என்பதையும் அட்டவணையில் காட்ட வேண்டும். கடினப் பாறைச் சுரங்கத்துக்கும் களிமண் சுரங்கத்துக்கும் மீட்டருக்கு இத்தனை நாள் என்று ஒரே கணக்கை வைப்பது அட்டவணையை அழகாக்கும், உண்மையாக்காது. ஒப்பந்தத்திலும் இதே கவனம் தேவை. மண் எப்படி இருந்தாலும் ஒரே விலை என்று எழுதி எல்லா இடரையும் ஒப்பந்தக்காரர் தலையில் வைத்தால் அரசு காப்பாற்றப்பட்டதாகத் தோன்றும். மண் மாறிய நாளில் ஒப்பந்தக்காரர் வேலையை விட்டுப் போவார். அல்லது தாங்கலில் மிச்சம் பிடிப்பார். இரண்டாவது அதிக ஆபத்தானது.

கழகம் இச்சூழ்நிலையில் செய்த ஒன்று பின்பற்றத்தக்கது. கடினமான இடத்துக்காகப் பாதை முழுவதையும் காத்திருக்க வைக்கவில்லை. மங்களூர் - உடுப்பி பகுதி 1993 மார்ச்சில் திறக்கப்பட்டது; தொடர்ந்து மற்றப் பகுதிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. 1997இல் வடக்கே சாவந்த்வாடி வரையும் தெற்கிலிருந்து கோவா வரையும் வண்டிகள் வந்துகொண்டிருக்க, இடையே ஒன்றரை கி.மீ. நீளமுள்ள பெர்னெம் சுரங்கம் மட்டும் பாதையை மறித்து நின்றது. அதுவும் முடிந்து, 1998 ஜனவரி 26ஆம் நாள் முழுப் பாதையும் போக்குவரத்துக்குத் தயாராயிற்று.

திறப்பு விழாவுக்குப் பின்

திட்டப்பணியின் கோப்பு திறப்பு விழாவுடன் மூடப்படுவது வழக்கம். கட்டியவர்கள் வேறு பணிக்குச் செல்கிறார்கள்; இயக்குவோர் வருகிறார்கள். கட்டியவர்களின் நினைவில் இருந்த இடர்கள், எழுதி வைக்கப்படாவிட்டால், அவர்களுடனேயே போய்விடுகின்றன.

2003 ஜூன் 22ஆம் நாள் இரவு, மும்பையை நோக்கி வந்துகொண்டிருந்த கோடை விடுமுறைச் சிறப்பு வண்டி ஒன்று சிந்துதுர்க் மாவட்டத்தில் வைபவ்வாடிக்கு அருகே தடம் புரண்டது. குன்றை வெட்டி அமைத்த பகுதியில் சரிந்த பாறைகள் தண்டவாளத்தில் கிடந்தன. ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். ஓராண்டுகூட நிறைவதற்குள், 2004 ஜூன் 16ஆம் நாள், மஹாடுக்கு அருகே கரஞ்சாடியில் மத்ஸ்யகந்தா விரைவு வண்டி பாறைகளில் மோதிப் பாலத்தருகே தடம் புரண்டதில் மேலும் பலர் மாண்டனர். இரண்டும் ஜூன் மாதத்தில், மழை தொடங்கிய வாரங்களில் நேர்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. கோடையில் காய்ந்து வெடித்த சரிவு முதல் பெருமழையைத் தாங்கும் காலம் அது.

மலைச்சரிவு வெட்டப்பட்ட நாளிலேயே இந்த இடர் பிறந்துவிட்டது. கட்டுமானக் காலத்தில் அதைச் சுமந்தவர் தொழிலாளி. திறந்த பின் அது பயணிக்கு மாற்றப்பட்டது. சரிவின் சாய்வைக் குறைத்தல், பாறைகளின்மேல் கம்பிவலை விரித்தல், பாறையில் ஆணியடித்துப் பிணைத்தல், கான்கிரீட் பூச்சு, மேலிருந்து வரும் நீரை விலக்கும் வாய்க்கால்கள் முதலிய வேலைகள் இவ்விபத்துகளுக்குப் பின் ஆண்டுதோறும் விரிவாக நடைபெற்றன. மண்ணைப் பிடித்து நிறுத்த வெட்டிவேரும் நடப்பட்டது. வேர் ஆழமாக இறங்கும் இப்புல்லை நம் விவசாயிகள் நெடுங்காலமாக அறிவர். இவ்வேலைகளின் செலவு முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற்றிருந்தால் திட்டத்தின் விலை கூடித் தோன்றியிருக்கும். உண்மையான விலை அதுவே.

இயக்கத்திலும் மாறுதல்கள் செய்யப்பட்டன. மழைக்காலத்துக்கெனத் தனிக் கால அட்டவணை வகுக்கப்பட்டது. ஜூன் மாதத்திலிருந்து அக்டோபர் வரை வண்டிகள் குறைந்த வேகத்தில் செல்கின்றன. கண்ணுக்கு எதிரே உள்ளது தெரியாத அளவு மழை கொட்டினால் வேகத்தை மணிக்கு 40 கி.மீ.க்குக் குறைக்குமாறு ஓட்டுநர்களுக்கு ஆணை உண்டு. பயணம் நீள்கிறது, பயணிகள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் பாதுகாப்பின் விலை இங்கே மறைக்கப்படாமல் அட்டவணையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஒன்பது நிலையங்களில் மழைமானிகளும், காளி, சாவித்திரி, வாசிஷ்டி ஆற்றுப் பாலங்களில் வெள்ள எச்சரிக்கைக் கருவிகளும், பன்வல் பாலத்திலும் மாண்டவி, சுவாரி, சராவதி ஆற்றுப் பாலங்களிலும் காற்றுவேகமானிகளும் வைக்கப்பட்டுள்ளன. மழைக்காலத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட பணியாளர்கள் பாதையில் ரோந்து செல்கின்றனர். அபாயமான வெட்டுகளில் இரவும் பகலும் காவலாளர் நிறுத்தப்படுகின்றனர்.

அளவுகோல் ஒன்றை முன்கூட்டியே நிர்ணயித்து, அதை எட்டியவுடன் இன்னது செய்வது என்று விதிப்பதே இவ்வேற்பாடுகளின் உயிர்நாடி. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தை எட்டினால் வண்டிகள் நிறுத்தப்படும் என்றிருந்த விதியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அந்த நேரத்தில் யாரும் விவாதிப்பதில்லை. நிலைய அதிகாரி மேலிடத்தைக் கேட்பதில்லை. வண்டி தாமதமானதற்கு அவரிடம் விளக்கம் கேட்கப்படுவதும் இல்லை. ஆற்றுப்பாலம் கட்டும் செயற்பொறியாளரின் பதிவேட்டில் "மார்ச்சு முடிவில் மூன்று அடித்தளம்" என்று எழுதப்படுவதும் இதே வகையான விதிதான். அமைதியான நாளில் செய்த முடிவு நெருக்கடி நாளில் காப்பாற்றுகிறது. நெருக்கடி நாளில் தொடங்கும் ஆலோசனை பெரும்பாலும் மழைக்குப் பின்தான் முடிகிறது.

இவ்வளவுக்குப் பின்னரும் பட்டியல் முடிவடையவில்லை. கட்டும்போது கடைசி வரை மறித்து நின்ற பெர்னெம் சுரங்கத்தின் சுவர் 2020 ஆகஸ்டு மாதப் பெருமழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பல வாரங்கள் நெடுந்தூர வண்டிகள் மிரஜ், லோண்டா வழியாகச் சுற்றிச் சென்றன. 2024 ஜூலையில் அதே சுரங்கத்தினுள் நீர் ஊற்றெடுத்து, தண்டவாளத்தில் சேறும் நீரும் தேங்கியதால் வண்டிகள் நிறுத்தப்பட்டன; சில ரத்து செய்யப்பட்டன, சில வேறு வழியில் திருப்பப்பட்டன. பொறியாளர்களும் தொழிலாளர்களும் உள்ளே சென்று நீரை இறைத்துத் தண்டவாளத்தைச் சீர்செய்த பின், மறுநாள் வண்டிகள் மெதுவான வேகத்தில் மீண்டும் விடப்பட்டன.